லொறி வைத்தியம்: புது றொக்கர் வாங்குமுன் பழைய ஷாஃப்ட்டைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, என்னுடையது மண் ஏற்றும் கென்டர் லொறி, 4டி33 எஞ்சின். மேலே 'டக் டக்' என்று சத்தம். றொக்கர் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். ஒரிஜினல் விலை கையைக் கடிக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் வேறு கம்பனி செட் வாங்கிப் போடலாமா?
– லொறிச் சாரதி, கிண்ணியா

பதில்: தாராளமாகப் போடலாம் தம்பி. ஆனால் கொழும்புக்கு பஸ் ஏறுமுன், றொக்கர்கள் (வால்வை அமுக்கித் திறக்கும் சிறு நெம்புகள்) கோத்திருக்கும் ஷாஃப்ட்டைக் கழற்றிப் பாருங்கள். தேய்ந்த ஷாஃப்ட்டில் புது றொக்கரைப் பூட்டுவது, காசைக் கொட்டியாரக் குடாவில் எறிவது மாதிரி.

மேல்பக்கம் பளபளவென்றுதான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு முனையில் கீழிருந்து உந்தும் கம்பியான புஷ் றொட்டும் மறு முனையில் வால்வ் ஸ்பிரிங்கும் றொக்கரை மேலே தள்ளுவதால், ஷாஃப்ட்டின் அடிப்பக்கம்தான் தேயும். அங்கே நகத்தை ஓட்டுங்கள். தடுக்கினால் ஷாஃப்ட்டும் புதிதாக வேண்டும். பெரும்பாலும் வில்லன் ஒயில்தான். நேரத்துக்கு மாற்றாவிட்டால் ஷாஃப்ட்டின் ஒயில் துளைகளில் கறுப்புப் பசை அடைத்துவிடும். டீசலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்தி, காற்றடியுங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய றொக்கர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். புதியதை அதனருகில் வைத்து ஒயில் துளையையும், நடு ஓட்டையிலிருந்து இரு முனைக்கும் உள்ள தூரத்தையும் ஒத்துப் பாருங்கள். தூரம் மாறினால் வால்வ் இறங்கும் அளவும் மாறும். டீசல் எஞ்சினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே மயிரிழை இடம்தான். 'எல்லாம் ஒன்றுதான் மகன்' என்று கடைக்காரர் சொல்வார், சொல்லட்டும்.

பூட்டும்போது, றொக்கர் முனையில் இடைவெளியைச் சரிசெய்யும் டப்பட் ஸ்குரூக்களை முதலில் தளர்த்திவிட்டு, ஷாஃப்ட்டைத் தாங்கும் பிராக்கெட் போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டப்பட் இடைவெளி (றொக்கருக்கும் வால்வ் நுனிக்கும் நடுவே) எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.4 மில்லிமீற்றர், இன்டேக், எக்ஸோஸ்ட் இரண்டு வால்வுக்கும் அதேதான். அப்புறம் வால்வ் நுனிகளில் மார்க்கர் பூசி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். உரசிய தடம் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால், வால்வ் தான் ஏறியிறங்கும் குழாயான கைட்டைத் தின்றுவிடும். அந்த செட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

சரி, இனி ஸ்டார்ட் பண்ணலாம். றொக்கர் மூடியைப் போடாமல் ஸ்லோவில் ஓடவிட்டு, எல்லா றொக்கரிலும் ஒயில் வருகிறதா பாருங்கள். ஒன்று காய்ந்து கிடந்தாலும் உடனே நிறுத்துங்கள். ஒயில் தெறிக்கும், நல்ல சட்டையோடு நிற்காதீர்கள்.