கழுத்து மச்சத்துக்குச் சுண்ணாம்பு வைக்கலாமா?

அம்மாவின் கழுத்து மச்சத்துக்குச் சுண்ணாம்பு வைக்கலாமா, வெட்டித்தான் எடுக்கவேணுமா என்று கேட்டிருக்கிறீங்கள். தயவுசெய்து சுண்ணாம்பு வைக்காதேங்கோ. தோல் வெந்து புண்ணாகும். அதைவிட, எரிந்துபோன மச்சத்தில் புற்றுநோயா என்று பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது.

வெட்டுவது சின்ன வேலைதான். விறைப்பூசி ஏறும்போது சுள்ளென்று எரியும். பிறகு தோலை இழுப்பது மட்டும் தெரியும், நோகாது. மேலெழுந்த மச்சத்தைத் தோல் மட்டத்தில் சீவி எடுப்பினம். சந்தேகமானதைச் சுற்றிக் கண் வடிவில் வெட்டித் தைப்பினம். அதனால்தான் தழும்பு மச்சத்தைவிட நீளமாக இருக்கும். முகத்தில் 5–7 நாளில் தையல் வெட்டலாம், முதுகில் 10–14 நாள் செல்லும். வெட்டின துண்டு போமலின் என்ற, அழுகாமல் வைக்கிற திரவத்தில் பரிசோதனைக்குப் போகவேணும்; அந்த ரிப்போட்டை வாங்காமல் விடாதேங்கோ. அது மச்சமில்லை, பாலுண்ணிதான் என்றால் அவசரமில்லை.

எனக்குக் கவலை உள்ளங்கால்தான். எங்கட நிறத்தவருக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் குறைவு. வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும். வெங்காயத் தோட்டத்தில் வெறுங்காலோடு நிற்கிற சனம் முள்ளுக் குத்தின கறுப்பு என்று விட்டுவிடும். மச்சமோ கறுப்போ நிறம் கலந்து, ஓரம் சிதறி, 6 மில்லிமீற்றரைத் தாண்டிப் பெருக்கிறதென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் தோல் வைத்தியரிடம் காட்டுங்கோ. அம்மா இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறவ என்றால் அதை முதலே சொல்லுங்கோ.