மூன்று முதுகுகள், ஒரு முகம்

கேள்வி: லண்டன் சுரங்க ரயில் நிலையத்தின் நடைவழியில் நான்கு இளைஞர்கள் நமக்கு முதுகு காட்டி நடக்க, ஒருவர் மட்டும் திரும்பிப் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கண்டேன். ‘ஜாய் டிவிஷன்’ என்ற இசைக்குழு என்றார்கள். அதை எடுத்தவர் அந்தக் குழுவுக்காகவே நாடு விட்டு நாடு போனார் என்பது உண்மையா? திரும்பிப் பார்ப்பவரின் சாவு அப்படத்திலேயே தெரிகிறது என்றும் சொல்கிறார்களே?
– வாசகர், மதுரை

பதில்: முதல் செய்தி பெரும்பாலும் உண்மை; இரண்டாவதை நான் ஏற்கமாட்டேன்.

அந்தப் படத்தை எடுத்த அன்டன் கோர்பைன் 1955-இல் நெதர்லாந்தின் ஸ்ட்ரையன் என்ற சிற்றூரில், கிறித்தவப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கூச்ச சுபாவம் கொண்ட அந்தப் பையனுக்கு, மேடையருகே போய் நிற்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அப்பாவின் கேமராதான் அந்தச் சாக்கு. பங்க் என்ற முரட்டு ராக் இசையின் ஆரவாரம் அடங்கிய பிறகு, அதே எளிய கருவிகளைக் கொண்டு இருண்ட, உள்முகமான ஓசையைத் தேடிய போஸ்ட்-பங்க் குழுக்களில் ஒன்றான ஜாய் டிவிஷன், 1979 ஜூனில் ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ (அறியாத இன்பங்கள்) என்ற முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அந்த இசை தோன்றும் இடத்திலேயே தானும் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் கோர்பைன் அதே ஆண்டு லண்டனில் குடியேறினார். சில வாரங்களுக்குள், நவம்பரில், லங்காஸ்டர் கேட் நிலையத்தில் குழுவினரைச் சந்தித்து நீங்கள் பார்த்த படத்தை எடுத்தார். அப்போது அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. விளக்குச் சாதனங்களும் கிடையாது. நிலையத்தில் எரிந்த விளக்குகளே போதும் என்று விட்டுவிட்டார். படம் முழுக்கப் புள்ளிபுள்ளியாகத் தெரியும் சொரசொரப்பை அழகு என்று இன்று போற்றுகிறோம். அதில் பாதி, கையில் இருந்ததை வைத்துச் சமாளித்ததன் விளைவு என்பது என் எண்ணம்.

இனி உங்கள் இரண்டாவது ஐயம். திரும்பிப் பார்க்கும் அந்த இளைஞர், குழுவின் பாடகர் இயான் கர்ட்டிஸ். வலிப்பு நோயாலும் மன உளைச்சலாலும் அவதிப்பட்ட அவர், அமெரிக்கப் பயணம் தொடங்கவிருந்த வேளையில், 1980 மே 18 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 23. எடுத்த புதிதில் பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொள்ளாத அதே படம், அதன் பிறகுதான் எல்லார் கண்ணிலும் பட்டது. ஆனால் விலகி நடங்கள், ஒருவர் மட்டும் திரும்புங்கள் என்று சொல்லி அமைத்தது புகைப்படக்காரர். பாதை இன்னதென்று தெரியாத இடத்தை நோக்கிப் போவது போன்ற அந்த அமைப்பை இசைத்தட்டின் தலைப்பே அவருக்குத் தந்தது. சொன்னபடி கழுத்தைத் திருப்பிய ஓர் இளைஞனின் முகத்தில், ஆறு மாதம் கழித்து நாம் அறிந்துகொண்ட துயரத்தை நாமேதான் ஏற்றிப் படிக்கிறோம். (மான்செஸ்டர் புகைப்படக்காரரான கெவின் கம்மின்ஸ் 1979 ஜனவரியில், அந்நகரின் ஹ்யூம் பகுதிப் பாலத்தில் பனிக்கு நடுவே இதே குழுவை எடுத்த படத்திற்கும் இதே கதிதான்.)

கோர்பைன் அவர்களை 1980 ஏப்ரலில் மான்செஸ்டரில் மறுபடியும் படமெடுத்தார். நேரடிப் பழக்கம் என்று பார்த்தால் மொத்தமே அரை ஆண்டுதான்; இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். எஞ்சிய மூவர் ‘நியூ ஆர்டர்’ என்ற பெயரில் தொடர்ந்தார்கள். கோர்பைனும் யூ2, டெப்பெஷ் மோட் ஆகிய குழுக்களின் படங்களால் உலகப் புகழ் பெற்றார். ஆயினும் 1988-இல் ‘அட்மாஸ்பியர்’ என்ற ஜாய் டிவிஷன் பாடல் மறுவெளியீடு கண்டபோது அதற்குக் காணொளி இயக்கியவர் அவரே: தலையை மூடிய நீண்ட அங்கியணிந்த உருவங்கள், குழுவினரின் ஆளுயரப் புகைப்படங்களைத் தூக்கிக்கொண்டு ஆளரவமற்ற மணல்வெளியில் நடந்துபோகின்றன.

2007-இல் தம் முதல் திரைப்படமான ‘கன்ட்ரோல்’ வழியாக இயானின் வாழ்க்கைக்கே அவர் திரும்பினார். இயானின் மனைவி டெபோரா எழுதிய நினைவுநூலை அடிப்படையாகக் கொண்ட அப்படத்துக்குத் தேவைப்பட்ட பணத்தில் பாதியைச் சொந்தக் கையிலிருந்தே போட்டார். வண்ணத்தில் படம்பிடித்துக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டார். அந்தக் குழுவைப் பற்றிய நினைவே அவருக்குக் கறுப்பு வெள்ளைதான். இயானாக நடித்த சாம் ரைலியும் உடன் நடித்தவர்களும் மேடைப் பாடல்களைத் தாங்களே வாசித்துப் பாடினார்கள்; நியூ ஆர்டரும் படத்துக்குப் புதிய இசை அமைத்துக் கொடுத்தது. இறுதிக் காட்சியில் தகனக்கூடத்துப் புகைபோக்கியிலிருந்து புகை எழும்போது ஒலிப்பது, 1988-இல் அவர் காணொளி எடுத்த அதே ‘அட்மாஸ்பியர்’.