இஎஸ்பி32 ஃபிளாஷை எப்படிப் பிரிப்பது? கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 4 எம்பி ஃபிளாஷ் (பவர் போனாலும் அழியாத நினைவகம்) உள்ள சாதாரண இஎஸ்பி32 என்ற வைஃபை மைக்ரோகன்ட்ரோலர் போர்டைப் பற்றியவை. அதையே வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: சார், போர்டில் 4 எம்பி இருக்கிறது. என் ஸ்கெட்ச் ஒன்றரை எம்பிகூட வராது. ஆனாலும் ஆர்டுயினோவில் இடம் போதவில்லை என்கிறது. மீதி எங்கே போனது?

பதில்: எங்கும் போகவில்லை, வேறு வேலைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இயல்பான திட்டத்தில் ஆப்புக்கு, அதாவது உங்கள் ஸ்கெட்சுக்கு, கிடைப்பது 13,10,720 பைட், அதாவது 1.25 எம்பி. அதே அளவில் இன்னொரு இடம் ஓடிஏ (கேபிள் இல்லாமல் வைஃபை வழியாக) அப்டேட்டுக்காகக் காத்திருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி ஃபைல்களுக்கு. டூல்ஸ் மெனுவில் பார்ட்டிஷன் ஸ்கீமை, அதாவது ஃபிளாஷைப் பிரிக்கும் திட்டத்தை, 'மினிமல் ஸ்பிஃப்ஸ்' என்று மாற்றுங்கள் (ஸ்பிஃப்ஸ் என்பது ஃபைல்களுக்கான இடம்). ஆப்புக்கு 19,66,080 பைட் கிடைக்கும், ஓடிஏவும் கைவிட்டுப் போகாது. 'ஹியூஜ் ஆப்' 3 எம்பி தரும், ஆனால் இரண்டாவது இடம் கிடையாது, அதனால் ஓடிஏவும் கிடையாது. மேஜையிலேயே கிடக்கப்போகிற போர்டுக்கு அது பரவாயில்லை. வெளியே போகிற கருவிக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் சிஎஸ்வி ஃபைலில் முகவரிகளை நானே கணக்குப் போட்டு எழுத வேண்டுமா?

பதில்: முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டால் பில்ட் செய்யும் மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். முதல் தலைமுறை இஎஸ்பி32இல் பூட்லோடர் (ஆப்பைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) ஹெக்ஸ் 1000இல், பார்ட்டிஷன் டேபிள் 8000இல் இருக்கும். என்விஎஸ் (செட்டிங், எண்கள் போன்றவற்றைச் சேமிக்கும் இடம்) வழக்கமாக 9000இல், முதல் ஆப் 10000இல். எஸ்3, சி3 சில்லுகளில் பூட்லோடர் பூஜ்யத்திலேயே தொடங்கும். ஆப் பார்ட்டிஷன் 64 கேபி எல்லையில் தொடங்கியாக வேண்டும், மற்றவற்றுக்கு 4 கேபி போதும். கையால் முகவரி போடுகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த 64 கேபி விஷயத்தில்தான்.

ஆனால் முதல் கருவி வாடிக்கையாளர் கைக்குப் போகும் அன்று, அந்தக் கட்டங்களை எல்லாம் நிரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து யாரோ நடுவில் ஒரு வரியைச் செருகுவார்கள், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும்.

கேள்வி: ஐடிஎஃப்பில் (இஎஸ்பி32 தயாரிப்பாளரின் சொந்த நிரலாக்கத் தொகுப்பு) பார்ட்டிஷனைப் பெரிதாக்கியதும் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது. மூன்றாவது பார்ட்டிஷன் ஃபிளாஷ் அளவைத் தாண்டுகிறது என்று சீரியல் மானிட்டரில் வருகிறது. சில்லு 4 எம்பிதான், சந்தேகமில்லை.

பதில்: சில்லு 4 எம்பிதான், பூட்லோடருக்கு அது தெரியாது. மெனுகான்ஃபிக் என்ற அமைப்பு மெனுவில் ஃபிளாஷ் அளவு இயல்பாக 2 எம்பி என்று இருக்கும். சீரியல் ஃப்ளாஷர் பகுதியில் 4 என்று மாற்றி, பூட்லோடரையும் சேர்த்து மறுபடி ஏற்றுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் இறுதியாண்டு மாணவி. மாடித் தொட்டி மோட்டார் கன்ட்ரோலர் செய்கிறேன். கரண்ட் போய் வந்தாலும் கணக்கு இருக்க வேண்டும் என்று தண்ணீர் மட்டத்தையும் மோட்டார் ஓடிய நேரத்தையும் வினாடிக்கு ஒருமுறை என்விஎஸ்ஸில் எழுதுகிறேன். ஃபிளாஷ் தேய்ந்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பயமுறுத்துவதில் நியாயம் இருக்கிறதம்மா. கணக்கைப் பார்ப்போம். ஆர்டுயினோ தரும் என்விஎஸ் 20 கேபி, அதாவது 4 கேபி பக்கங்கள் ஐந்து. ஒரு பக்கத்தில் 126 பதிவுகள். ஓர் எண்ணை எழுதினால் ஒரு பதிவு செலவு. பழையதை அது உடனே அழிப்பதில்லை, செல்லாது என்று குறித்துவிட்டு அடுத்த இடத்தில் எழுதும். வினாடிக்கு ஒன்று என்றால் ஐந்து பக்கமும் ஒரு சுற்று வர 630 வினாடி, ஒவ்வொரு பக்கமும் அதற்குள் ஒருமுறை அழிபடும். இந்த வகை ஃபிளாஷுக்கு ஒரு லட்சம் அழிப்பு என்று டேட்டாஷீட்டில் போடுவது வழக்கம். பெருக்கினால் 6 கோடியே 30 லட்சம் வினாடி, கிட்டத்தட்ட 2 ஆண்டு. நீ எழுதுவது இரண்டு எண்கள், ஆக ஓராண்டு. வைவாவுக்குப் போதும், வீட்டுக்குப் போதாது.

தண்ணீர் மட்டத்தைச் சேமிக்கவே வேண்டாம். பவர் வந்ததும் சென்சாரே சொல்லிவிடும். மோட்டார் நேரத்தை மோட்டார் நிற்கும்போது ஒருமுறையும், ஓடும்போது 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் எழுது. வினாடிக் கணக்கு பிசகக் கூடாது என்றால் வெளியே ஒரு எஃப்ராம் (அடிக்கடி எழுதினாலும் எளிதில் தேயாத நினைவகம்) சில்லு வைத்துக்கொள்.

இன்னொன்றும் கவனி. என்விஎஸ் தொடங்கும்போது காலிப் பக்கம் இல்லை என்ற பிழை வந்தால் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கு என்று ஐடிஎஃப் மாதிரி நிரலில் நாலு வரி இருக்கும். எல்லாரும் அதை அப்படியே ஒட்டிக்கொள்கிறார்கள். டெமோவுக்கு அது சரி. வீட்டில் மாட்டிய கருவியில் அந்த வரி ஓடினால் வைஃபை பாஸ்வேர்ட் உட்பட எல்லாம் போய்விடும். காலிபரேஷன் போன்றவற்றைத் தனி என்விஎஸ் பார்ட்டிஷனில் வை. அதற்குக் குறைந்தது மூன்று பக்கம், 12 கேபி ஒதுக்க வேண்டும்.

கேள்வி: ஃபைல்களை வைக்க எந்த ஃபைல் சிஸ்டம், ஸ்பிஃப்ஸா, லிட்டில்எஃப்எஸ்ஸா?

பதில்: லிட்டில்எஃப்எஸ். எழுதும் நடுவில் பவர் போனாலும் தாங்கும், உண்மையான ஃபோல்டர்களும் உண்டு. ஆர்டுயினோவில் டேபிளில் 'ஸ்பிஃப்ஸ்' என்று பெயரிட்ட இடத்தையே அது இயல்பாக எடுத்துக்கொள்ளும், பெயரை மாற்றத் தேவையில்லை.

கேள்வி: 'ஹியூஜ் ஆப்' போட்டு ஏகப்பட்ட கருவிகளை விற்றுவிட்டோம். இப்போது ஓடிஏ வேண்டும் என்கிறார்கள். பார்ட்டிஷன் டேபிளையே ஓடிஏ வழியாக மாற்ற வழி உண்டா?

பதில்: ஆப்பிலிருந்தே அந்த செக்டரை அழித்து எழுதலாம்தான். ஆனால் இயல்பான அமைப்பில் டேபிளுக்கு ஒரே பிரதி. அழித்து எழுதும் அந்த இடைவெளியில் பவர் போனால் கருவி எழாது, கேபிள் போட்டுத்தான் எழுப்ப வேண்டும். அதுவும் போக, ஓடும் ஆப் 'மினிமல் ஸ்பிஃப்ஸ்' தரும் இடத்துக்குள் அடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் செய்யமாட்டேன். சர்வீஸுக்குப் போகும்போது கேபிளில் மாற்றுங்கள். இரண்டு திட்டத்திலும் என்விஎஸ் அதே முகவரி, அதே அளவு. ஆகவே அப்லோடுக்கு முன் முழு ஃபிளாஷையும் அழிக்கும் ஆப்ஷனை அணைத்து வைத்தால் வைஃபை செட்டிங் தப்பிக்கும். ஃபைல் பகுதி மட்டும் வேறு இடத்துக்கு நகர்ந்து சிறிதாகிவிடும். அதில் லாக் எதுவும் இருந்தால் முதலில் லேப்டாப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.