டர்போ கேள்விகள், டர்ர்ர் பதில்கள்

போன இதழ்ல சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐங்கிற ஜப்பான் டர்போ செடான் பத்தி எழுதும்போது, அந்த இன்ஜினுக்கு வெளி கம்பெனிங்க தனியா பார்ட்ஸ் பண்ணி விக்கிறாங்கன்னு போற போக்குல ஒரு வரி சொல்லிட்டேன். அவ்ளோதான், வந்த மெயில்ல பாதி அதப் பத்திதான். நம்ம ஊர்ல அந்த வண்டிய கண்ணால பாத்தவங்களே கம்மி (ஒரு காலத்துல செவர்லே ஃபாரஸ்டர்னு ஒண்ணு வித்தாங்களே, அது சுபாருதான், ஆனா டர்போ கிடையாது), இருந்தும் கேள்வி மட்டும் கொட்டுது. அதனால இந்த வாட்டி முழுக்க டர்போ செடான் பார்ட்ஸ் மட்டும்தான். மைலேஜ் கேட்டவங்க கோச்சுக்காதீங்க.

சார், கணபதி பக்கம் சின்னதா ஒரு சிஎன்சி ஷாப் வெச்சிருக்கேன், பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். எஸ்டிஐ மாதிரி வண்டிக்கு வெளிநாட்டுல பார்ட்ஸ் டெவலப் பண்றாங்களே, அவங்க முதல்ல எதுல கை வைப்பாங்க? நம்மளால முடியுமா? – கோவை வாசகர்

உடைஞ்ச இடத்துல கை வைப்பாங்க சார். எச்பி ஏத்துறதெல்லாம் அப்புறம்.

எஸ்டிஐல 2004லருந்து 2021 வரைக்கும் அமெரிக்காவுல வந்தது ஈஜே257ன்னு 2.5 லிட்டர் பாக்ஸர் இன்ஜின், சிலிண்டருங்க ரெண்டு பக்கமும் படுத்திருக்கும். அதுல சம்ப்புல (இன்ஜின் அடில ஆயில் தேங்குற தொட்டி) இருந்து ஆயில உறிஞ்சி பம்புக்கு குடுக்குற ஒரு பைப் இருக்கு, பிக்கப் ட்யூப்னு சொல்வாங்க. மெலிசான குழாய், ஜாயிண்ட்ட பிரேஸிங் பண்ணி ஒட்டியிருப்பாங்க. வருஷக்கணக்கா அதிர்ந்து அதிர்ந்து அந்த பிரேஸிங் ஓரத்துலயே மயிரிழை மாதிரி ஒரு கிராக் விழும். இதுல கொடுமை என்னன்னா இது உறிஞ்சுற பக்கம், அதனால ஆயில் வெளிய ஒழுகவே ஒழுகாது, காத்துதான் உள்ள போகும், வண்டி நின்ன இடத்துல ஒரு சொட்டு கறை இருக்காது, ஓனருக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் ஃபுல் த்ராட்டில்ல போகும்போது பம்பு ஆயிலோட சேத்து காத்தையும் குடிச்சு பியரிங்குக்கு அனுப்பும். ஆயில் லைட்டு எரியறதுக்குள்ள ராட் பியரிங் போயிடும். பியரிங் போனா கிராங்க், கிராங்க் போனா முழு இன்ஜின்.

இத சரி பண்ண ஒரு பைப் பண்ணணும், அவ்ளோதானேன்னு தோணும். கிராக் விட்ட பழைய பைப்புங்கள சேத்து வெச்சு, எந்த இடத்துல எந்த பக்கமா விடுதுன்னு முதல்ல பாக்கணும். அப்புறம் இன்ஜின் அடிப்பக்கத்த ஸ்கேன் பண்ணி வரைஞ்சு, த்ரீடி பிரிண்டர்ல பிளாஸ்டிக்ல ஒரு டம்மி அடிச்சு மாட்டிப் பாக்கணும். போல்ட் உக்காருதா, பேஃபிள் பிளேட்ல இடிக்குதான்னு பிளாஸ்டிக்லயே தெரிஞ்சுடும். ஸ்டீல்ல பண்ணும்போதுதான் நெஜ தலைவலி, வெல்டிங் சூட்டுல பைப் இழுத்துக்கும், ஃபிளாஞ்ச் ஒரு ஓரம் தூக்கிச்சுன்னா ஓ-ரிங் ஒழுங்கா உக்காராது, பழைய வியாதியே திரும்ப வரும். அதனால ஃபிக்ஸ்சர் போட்டு புடிச்சு வெல்ட் பண்ணி, அதுக்கப்புறம் முகத்த மெஷின் பண்ணணும். இதெல்லாம் உங்க ஷாப்புக்கு தண்ணி பட்ட பாடு.

பிக்கப் வாய்க்கும் சம்ப் தரைக்கும் நடுவுல எவ்ளோ கேப் விடுறதுங்கிறது இன்னொரு கதை. ரொம்ப ஒட்டி வெச்சா மூச்சு முட்டும், ரொம்ப தூக்கி வெச்சா திருப்பத்துல ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது காத்த இழுக்கும். இத டேபிள்ல உக்காந்து கண்டுபுடிக்க முடியாது, டிராக்ல வண்டிய விட்டு ஆயில் பிரஷர லாக் பண்ணித்தான் ஆகணும். உங்களுக்கு செட்டிப்பாளையத்துல கரி ஸ்பீட்வே பக்கத்துலயே இருக்கு, சென்னைக்காரங்க இருங்காட்டுக்கோட்டை போகணும்.

இவ்ளோ பாடுபட்டு பண்ற பைப்பால கூடுற எச்பி சைபர். ஆனாலும் நல்லா விக்குது, ஏன்னா இன்ஜின் போச்சுன்னா ஆகுற செலவு ஓனருக்கு தெரியும்.

முடியுமான்னு கேட்டீங்க. ஜப்பான்ல எச்கேஎஸ்னு டர்போ பார்ட்ஸ்ல பெரிய கை, 1973ல யமஹாவுல வேலை பாத்த ஒரு இன்ஜினியர் ஃபியூஜி மலை அடிவாரத்துல ஒரு மாட்டுப்பண்ணை ஷெட்ல ஆரம்பிச்சது. மெஷினிங் உங்களுக்கு பிரச்சனையே இல்ல. உடைச்சுப் பாக்க ஒரு வண்டி, டெஸ்ட்டுக்கு ஆகுற காசு, கலிஃபோர்னியாவுல இன்டேக், டவுன்பைப் மாதிரி புகை சம்பந்தப்பட்ட பார்ட்ட விக்கணும்னா அவங்க காற்று வாரியத்துகிட்ட டெஸ்ட் குடுத்து வாங்க வேண்டிய ஈஓ நம்பர் (அனுமதி எண்), இதுக்கெல்லாம்தான் பணம் கரையும். அதனால நம்ம ஊர்ல ஓடுற ஒரு டர்போ வண்டிய எடுத்துக்கிட்டு, புகைக்கு சம்பந்தமில்லாத ஆயில் பக்கம், கூலிங் பக்கம் ஆரம்பிங்க.

அண்ணை, நான் ஸ்காபரோவில இருக்கிறன். என்ர 2015 எஸ்டிஐ குளிர்ல ஸ்டார்ட் பண்ணேக்க கொஞ்சம் புகைக்குது, ஆயிலும் குறையுது. ரிங்லாண்ட் உடைஞ்சிருக்கும், ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போடு எண்டு கூட்டாளி சொல்றான். போட்டா பிரச்சனை முடியுமோ? – கனடா வாசகர்

முதல்ல கம்ப்ரெஷன் டெஸ்ட், அப்புறம் லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டர்ல காத்து அடைச்சு எவ்ளோ ஒழுகுதுன்னு பாக்குறது) பண்ணுங்க அண்ணை. கூட்டாளி சொன்னதுக்காக இன்ஜின இறக்க வேணாம். பொதுவா நாலாம் சிலிண்டர்தான் முதல்ல படுக்கும், அத ஸ்பெஷலா பாக்க சொல்லுங்க.

ரிங்லாண்ட்னா பிஸ்டன்ல ரெண்டு ரிங் காடிக்கு நடுவுல நிக்கிற வரப்பு. சுபாரு கம்பெனியே போட்டு அனுப்புற பிஸ்டன் வார்ப்பு, சிலிகான் அதிகம். சூட்டுல அதிகம் விரியாது, தேயாது, குளிர்ல சத்தம் போடாது, லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆனா முறுமுறுப்பான சாமான். பூஸ்ட் (டர்போ உள்ள தள்ளுற காத்தழுத்தம்) ஏறி இருக்கும்போது நாக் அடிச்சா, அதாவது பெட்ரோல் கலவை கண்டபடி தானா வெடிச்சா, வளையாது, டக்குனு உடையும்.

ஃபோர்ஜ்ட்ல, அதாவது வார்க்காம அழுத்தி செய்யிற அலுமினிய பிஸ்டன்ல, ரெண்டு ஜாதி. 4032 அலாய்ல சிலிகான் சுமார் 12 சதவீதம், 2618ல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. 2618தான் அடி தாங்குறதுல ராஜா, ஆனா சூட்டுல நல்லா விரியும், அதனால சிலிண்டர் சுவத்துக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இடைவெளி கூட விடணும். உங்க ஊர் ஜனவரி குளிர்ல காலைல ஸ்டார்ட் பண்ணா டக டக டகன்னு ஒரு சத்தம் வரும், சூடாகுற வரைக்கும் ஆட்டும், ஆயிலும் கொஞ்சம் குடிக்கும். 99.5 மில்லிமீட்டர் போர், எவ்ளோ பெரிய பிஸ்டன்னு பாத்துக்கோங்க, அதுக்கேத்த ஆட்டம். பனில தெனம் வேலைக்குப் போற வண்டின்னா 4032 போதும், 450 500 எச்பி கனவு, டிராக் டேன்னு இருந்தா மட்டும் 2618. மாலே, மான்லி, சிபி, ஜேஇ எல்லாரும் இதுக்கு பிஸ்டன் பண்றாங்க. கேட்டலாக்ல எச்பி நம்பர பாக்காதீங்க, எந்த அலாய், எவ்ளோ க்ளியரன்ஸ்னு பாருங்க. பிஸ்டன் பண்றவன் எதையோ விட்டுக் குடுத்துதான் இன்னொண்ண வாங்குவான், உங்ககிட்ட எதை வாங்கிக்கிறான்னு தெரிஞ்சுக்கிட்டு காசு குடுங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ட்யூன் தப்பா இருந்தா ஃபோர்ஜ்டும் போகும், கொஞ்சம் லேட்டா போகும், அவ்ளோதான் வித்தியாசம்.

ப்ரோ, வெறும் இன்டேக் பைப் மாட்டுனாலே 15 எச்பி ஏறுதுன்னு போட்டு விக்கிறாங்களே, நெஜமா? – சென்னை, கல்லூரி மாணவர்

ஏறலாம் தம்பி, இன்ஜினும் போகலாம்.

எஸ்டிஐ இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) காத்த அளக்குறது மாஃப் சென்சார் வெச்சு. அது நெஜத்துல பாக்குறது தன் மேல காத்து என்ன வேகத்துல போகுதுங்கிறத, பைப் எவ்ளோ அகலம்னு அதுக்கு ஏற்கனவே சொல்லி வெச்சிருக்கு. இப்ப 70 மில்லிமீட்டர் பைப்ப கழட்டிட்டு 75 மாட்டுறேன்னு வை. விட்டம் 5 மில்லிமீட்டர்தானே கூடுச்சுன்னு தோணும், ஆனா குறுக்கு பரப்பு சுமார் 15 சதவீதம் கூடிடுச்சு, அதே காத்து போனாலும் சென்சார்கிட்ட வேகம் 13 சதவீதம் கம்மி. இசியு என்ன நெனைக்கும், காத்தே கம்மியா வருது, பெட்ரோல கொறைன்னு. ஃபுல் பூஸ்ட்ல 11.5ல இருக்க வேண்டிய காத்து-பெட்ரோல் விகிதம் 13 தாண்டும். டைனோல (எச்பி அளக்குற மெஷின்) ஒரு ரெண்டு ரன்னுக்கு எச்பி கூட காட்டும், ஏன்னா சுபாரு பாதுகாப்புக்கு கொஞ்சம் கூடவே பெட்ரோல் ஊத்தி வெச்சிருந்துச்சு, நீ அத உருவிட்ட. அப்புறம் நாக், அப்புறம் மேல ஸ்காபரோ அண்ணைக்கு சொன்ன வரப்பு.

ஒழுங்கா பார்ட்ஸ் பண்றவன் என்ன பண்ணுவான்னா சென்சார் உக்கார்ற இடத்துல மட்டும் சுபாரு அளவயே அப்படியே வெப்பான், இல்லன்னா இந்த பைப்புக்குன்னு தனி மாஃப் டேபிள் போட்டு, ட்யூன் இல்லாம மாட்டாதேன்னு பொட்டி மேலயே எழுதிடுவான். சும்மா பளபளன்னு பைப் மட்டும் அனுப்பினான்னா வாங்காத.

டாப் மவுண்ட் இன்டர்கூலரா, ஃப்ரண்ட் மவுண்ட்டா? எங்க பாத்தாலும் ஒரே சண்டையா இருக்கு. – திருச்சி வாசகர்

இன்டர்கூலர்னா டர்போ அழுத்தி சூடாக்குன காத்த ஆற வைக்கிற ரேடியேட்டர். ஒரு கணக்கு போடுவோம். வெளிய 30 டிகிரி, நம்ம திருச்சிக்கு அது குளுகுளு நாள். ஒரு பார் பூஸ்ட், டர்போ எஃபிஷியன்ஸி 70 சதவீதம்னு வெச்சா, கம்ப்ரெஸர விட்டு வர்ற காத்து கிட்டத்தட்ட 125 டிகிரி. இத அப்படியே உள்ள விட்டா நாக் நிச்சயம். 80 சதவீதம் வேலை செய்யிற இன்டர்கூலர் இத 50 பக்கத்துக்கு கொண்டு வந்துடும்.

சுபாரு இத இன்ஜின் தலை மேல வெச்சு, பானெட்ல ஓட்ட போட்டு காத்து விடுது. குழாய் குட்டை, பூஸ்ட் சட்டுனு வரும். ஆனா சிக்னல்ல நின்னா கீழ இருக்குற இன்ஜின் சூடு மொத்தமும் இதுமேலதான். முன்னாடி பம்பர் பக்கம் வெச்சா அந்த தொல்லை இல்ல, பதிலுக்கு நீளமா குழாய், பம்பருக்கு உள்ள இருக்குற பீம வெட்டணும் இல்ல மாத்தணும், ட்யூன் திரும்ப பண்ணணும், ஜாயிண்ட் கூட, ஜாயிண்ட் கூடினா கழண்டுக்குற சான்ஸும் கூட. இன்டர்கூலர் கோர், அதாவது காத்து ஆறுற உள் பகுதிய, ரொம்ப பெருசாக்கினா காத்து நெரப்பவே நேரமாகும், ரொம்ப அடர்த்தியா துடுப்பு வெச்சா பிரஷர் விழும், அந்த விழுந்த பிரஷர ஈடுகட்ட டர்போ இன்னும் சுத்தும், இன்னும் சூடாகும். டெவலப்மெண்ட்ங்கிறதே இந்த கயிறு இழுக்குற போட்டிதான்.

தெனம் ஓட்டுற, கிட்டத்தட்ட ஸ்டாக் (கம்பெனி போட்ட) டர்போ வண்டின்னா நல்ல டாப் மவுண்ட் போதும்ங்கிறது என் கட்சி. பெரிய டர்போன்னா முன்னாடிதான்.

விளம்பரத்துல டைனோ ஷீட் காட்டுனா உஷாரா இருங்க. பழைய பார்ட்டோட மத்தியானம் ஒரு ரன், புது பார்ட்டோட ராத்திரி குளிர்ல ஒரு ரன், ஏசி போட்ட மாதிரி காத்து, எவனுக்குத்தான் எச்பி கூடாது? ஒரே நாள், ஒரே பெட்ரோல், இன்டேக் டெம்பரேச்சர் பக்கத்துலயே போட்டு, அடுத்தடுத்து அஞ்சாறு ரன், கடைசி ரன்லயும் எச்பி விழாம நிக்குதான்னு காட்டுனா நம்பலாம்.

என் தம்பி நியூஜெர்சில சுபாரு வெச்சிருக்கான். ஏதோ ஹெடர்னு காசு போட்டு மாத்தினானாம், இப்ப வண்டி சத்தமே போச்சுன்னு ஃபோன்ல அழுவுறான். ஏமாத்திட்டாங்களா? – மதுரை வாசகி

ஏமாத்தல அம்மா, சொல்லாம வித்துட்டாங்க. அந்த குபு குபு சத்தம் வர்றதே ரெண்டு பக்க எக்ஸாஸ்ட் பைப்பும் (அதான் ஹெடர்) ஒரே நீளம் இல்லாததால, புகை டர்போகிட்ட ஒரே சீரா வராம தடுக்கி தடுக்கி வரும். உங்க தம்பி போட்டது சம நீளம். டர்போ முன்னாடியே முழிச்சுக்கும், வண்டி நல்லாவே போகும், ஆனா சத்தம் சாதாரண நாலு சிலிண்டர் மாதிரிதான். பழச வித்துடலன்னா திரும்ப மாட்டிக்கலாம், நாள் முழுக்க வேலை, அதுக்கு அழட்டும்.

விர்ட்டஸ் ஜிடி 1.5 டிஎஸ்ஜி வெச்சிருக்கேன், நம்ம ஊர் டர்போ செடான்ல இதான் கைக்கு எட்டுறது. ஸ்டேஜ் 1 ரீமேப் போடலாமா அண்ணே? – சேலம் வாசகர்

ரீமேப்னா இசியு ப்ரோக்ராம மாத்தி பவர் ஏத்துறது. இன்ஜின் தாங்கும், கியர்பாக்ஸ யோசிங்க. உங்க வண்டி 250 நியூட்டன் மீட்டர் டார்க். அதுல இருக்குற டிகியூ200 ஏழு கியர் டிரை கிளட்ச் பெட்டிக்கு கம்பெனி சொல்லியிருக்குற எல்லையும் அதே 250தான். ஸ்டாக்லயே விளிம்புல நிக்குது, ரீமேப் கம்பெனி காட்டுற கிராஃப்ல இன்ஜின் டார்க் மட்டும்தான் இருக்கும், கிளட்ச் பத்தி ஒரு வரி இருக்காது. போட்டே ஆகணும்னா கீழ் ஆர்பிஎம்ல டார்க்க அடக்கி, மேல பவர நீட்டி விடுற மேப் கேளுங்க, கிராஃப் பாக்க டம்மியா இருக்கும், கிளட்ச் நாலு வருஷம் கூட நிக்கும்.

வாரண்டி போகும். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுல கம்பெனி ஒரிஜினல் ஸ்பெசிஃபிகேஷன மாத்தக் கூடாதுன்னு இருக்கு, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதயே அழுத்தி சொல்லிடுச்சு. இன்ஷூரன்ஸ்காரனுக்கும் அது தெரியும்.

ஈஜே இன்ஜினையே நிறுத்திட்டாங்களே, இனிமே அதுக்கு யாரு பார்ட்ஸ் பண்ணுவா? – புதுச்சேரி வாசகர்

இனிமேதான் பண்ணுவாங்க. ஜப்பான்ல அதே குடும்பத்து 2 லிட்டர் ஈஜே20க்கு கடைசியா ஃபைனல் எடிஷன்னு 555 வண்டி மட்டும் விட்டாங்க, ராலி காலத்துல சுபாருவுக்கு ஸ்பான்சர் பண்ண 555 சிகரெட்டோட நம்பர். அமெரிக்காவுல 2021 மாடலோட எஸ்டிஐ முடிஞ்சுது, புது டபிள்யூஆர்எக்ஸ்ல எஃப்ஏ24னு வேற 2.4 லிட்டர். ஆனா ரோட்ல ஓடுற பழைய ஈஜே எல்லாம் வயசாகி ஒவ்வொண்ணா பிளாக் கேக்க ஆரம்பிக்கும். சிலிண்டர் மேல்பக்கம் தண்ணி போற வழிய அடைச்சு கெட்டியாக்கின க்ளோஸ்ட் டெக் பிளாக்குங்கள வெளி கம்பெனிங்க இப்பவே தனியா விக்கிறாங்க, ஃபோர்ஜ்ட் பிஸ்டன், ராடு எல்லாம் போட்டு ஷார்ட் பிளாக்காவே (சிலிண்டர் ஹெட் இல்லாத கீழ்ப்பாதி இன்ஜின்) பொட்டில வருது. விலைய கேட்டா நம்ம ஊர்ல ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் காரே வாங்கிடலாம்.

அடுத்த இதழுக்கு டீசல் கேள்விங்க மட்டும் அனுப்புங்க, டிபிஎஃப் (டீசல் புகை வடிகட்டி) அடைப்பு பத்தி மட்டுமே ஒரு மூட்டை தேங்கிக் கெடக்கு.