வெள்ளம் நின்ற வளவில் எந்த மரம் தப்பும்?

கேள்வி: கார்த்திகை மழையில் எங்கள் வளவில் ஐந்து நாள் முழங்கால் அளவுக்கு வெள்ளம் நின்றது. பப்பாசி இரண்டும் அழுகி விழுந்துவிட்டன, பலா இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது, கறுத்தக்கொழும்பான் மாமரம் வாடி நிற்கிறது, கொய்யாவுக்கு ஒன்றுமே இல்லை. எரு போட்டால் மரங்கள் எழும்புமா? இனி என்ன கன்று வைக்கலாம்?
– வாசகி, அரியாலை

பதில்: எரு, பசளை எதையும் இப்போது தொட வேண்டாம் அம்மா. மண்ணுக்குள் காற்று இருக்கிற இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டால் ஓரிரு நாளில் வேருக்கு மூச்சு முட்டும், மூச்சில்லாத வேர் தண்ணீரை உறிஞ்சாது, அதனால்தான் வெள்ளத்துக்குள் நின்றுகொண்டே இலை வாடுகிறது. வாடுகிறதே என்று தண்ணீர் விடுவதும், அடியைக் கொத்துவதும் மிச்ச வேரையும் கெடுக்கும்.

பப்பாசிக்கு இரண்டு நாள் வெள்ளமே போதும். பலாவும் ஆனைக்கொய்யாவும் அதற்குக் கிட்டத்தான். உங்கள் பலா தப்புவது கஷ்டம், ஆனால் உடனே தறிக்காதீர்கள்; பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பச்சை இருந்தால் பொறுத்திருக்கலாம்.

மாமரத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. நீர்மட்டம் நின்ற இடத்துக்குச் சற்று மேலே அடிமரத்தில் வெள்ளையாகப் பொரிப்பொரியாக வீங்கியிருக்கிறதா பாருங்கள். அது நோய் இல்லை. வேருக்கு மூச்சு முட்டும்போது மரம் பட்டையிலே திறந்துகொள்கிற வாசல் அது, அதன் வழியாகத்தான் கொஞ்சக் காற்று உள்ளே போகிறது. வீக்கம் வந்த மா வாரக்கணக்கில் தாங்கும், வராதது சில நாளிலேயே போய்விடும். தயவுசெய்து சுரண்டி மருந்து பூசிவிடாதீர்கள்.

கொய்யாவும் நாவலும் வெள்ளம் தாங்குகிற மரங்கள், பள்ளமான மூலையில் அவற்றையே வையுங்கள். கடல்நீரேரித் தண்ணீர் ஏறுகிற காணி என்றால் சப்போட்டா நல்லது, உப்பையும் தாங்கும்.

தோடை, தேசி ஒட்டுக்கன்று வாங்கும்போது எல்லாரும் மேலே ஒட்டிய இனத்தைத்தான் கேட்கிறோம், வேரோடு கீழே நிற்கிற அடிக்கட்டை என்ன என்று கேட்பதில்லை. ஈரத்தில் வேரை அழுக வைப்பது பைட்டோப்தோரா என்ற கிருமி, அதை நன்றாக எதிர்க்கிற அடிக்கட்டை மூவிலைத் தோடை. ஆனால் எங்கள் சுண்ணாம்பு மண்ணில் அதற்கு இரும்புச்சத்து கிடைக்காமல் இலை வெளிறிவிடும், அதனால் இங்கே அதைத் தேடி அலைய வேண்டாம். அன்னமுன்னாவுக்கு ஒரு சதுப்புநில உறவு இருக்கிறது, தண்ணீருக்குள்ளேயே வளரும், அடிக்கட்டையாகவும் பாவிக்கிறார்கள், ஆனால் எல்லா இனமும் அதோடு பொருந்தாது, போதாததற்கு எங்கள் நாட்டுச் சதுப்பு நிலங்களில் அது களையாகவே பரவிவிட்டது.

என்னைக் கேட்டால் அடிக்கட்டையை விட மேடுதான் முக்கியம். சுண்ணாம்புக் கல்லில் கிடங்கு வெட்டி நட்டால் அந்தக் கிடங்கே தண்ணீர்த் தொட்டியாகிவிடும். மண்ணைக் கூட்டி இரண்டு மூன்று அடி உயரம், ஆறு அடிக்குக் குறையாத அகலத்தில் மேடு போட்டு அதன் தலையில் நடுங்கள்.

கேள்வி: எங்களுடையது செம்பாட்டு மண். எனக்கும் மேடு வேண்டுமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: பெரிதாக வேண்டியதில்லை, செம்பாட்டில் தண்ணீர் கெதியாக வடிந்துவிடும். பப்பாசிக்கு மட்டும் ஒரு அடி மேடு போடுங்கள், மதில் ஓரத்தில் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் வைக்காதீர்கள்.