டர்போ டீசல் பிக்கப் வண்டியின் இழுவையைக் கூட்ட எதை முதலில் மாற்ற வேண்டும்?

கேள்வி கேட்டவர், தம் டர்போ டீசல் பிக்கப் வண்டிக்கு 30 அங்குல டயர்களை எடுத்துவிட்டு 33 அங்குல டயர்களை மாட்டிய பிறகு, சுமையோடு ஏற்றம் ஏறும்போது இழுவை குறைந்துவிட்டது என்கிறார். திறந்த வகை ஏர் ஃபில்டர், அகலமான சைலன்சர் குழாய், எஞ்சினுக்குள் அதிக டீசலைச் செலுத்த வைக்கும் ட்யூனிங் பெட்டி ஆகிய மூன்றில் எதை முதலில் வாங்கலாம் என்பது அவருடைய கேள்வி. மூன்றையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் பதில். என் வண்டியில் இம்மூன்றையும் ஏறக்குறைய இதே வரிசையில் மாட்டிப் பார்த்து, கடைசியில் செய்ததை முதலில் செய்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் டயர்க் கணக்கைப் பார்ப்போம். சக்கரத்தின் விட்டம் 30 அங்குலத்திலிருந்து 33 ஆகும்போது, எஞ்சின் அதே முறுக்குவிசையைக் கொடுத்தாலும் தரையைத் தள்ளும் விசை எல்லாக் கியரிலும் சுமார் 9 சதவீதம் குறைகிறது. டயரின் கூடுதல் எடையைச் சுழற்றுவதற்கு ஆகும் செலவு தனி. வண்டி வேகமெடுப்பதையே நாம் பேச்சில் ‘பிக்கப்’ என்கிறோம். பிக்கப் வண்டிக்கே பிக்கப் இல்லாமல் போனதற்கு உங்கள் விஷயத்தில் எஞ்சின் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். டிஃபரன்ஷியலில், அதாவது எஞ்சினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பகுதியில் உள்ள பல்சக்கர விகிதம் 3.73 என்றால் அதை 4.10 ஆக மாற்றினாலே இழந்தது முழுவதும் திரும்பிவிடும், எஞ்சினைத் தொடவே வேண்டியதில்லை. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியாக இருந்தால் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியல்களையும் ஒரே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும் என்பதால் வேலை இரட்டிப்பாகும். ஆனாலும் சுமை இழுப்பவருக்கு இதைவிட நேரான தீர்வு கிடையாது.

அடுத்தது, எஞ்சின் தன் பழைய திறனையாவது முழுமையாகக் கொடுக்கிறதா என்று சோதிப்பது. நான் ட்யூனிங் பெட்டி வாங்கிய காலத்தில் என் வண்டியில் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் கருவி) சூடாக்கும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப்பை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது. எஞ்சின் சும்மா ஓடும்போது அது மூடிக்கொண்டிருக்கும். டர்போவின் அழுத்தம் ஏறினால் மட்டும் விரிந்து காற்றை வெளியே விடும். பெட்டியை மாட்டியதும் கரும்புகை அதிகமானதே தவிர இழுவை கூடவில்லை, ஏனென்றால் நான் கூட்டியது டீசலை, குறைவாக இருந்ததோ காற்று. ஒரு மெக்கானிக் காற்றுப் பாதையை அடைத்து, வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்துச் சில நிமிடங்களில் அந்த வெடிப்பைக் காட்டினார். ஹோஸை மாற்றிவிட்டுப் பெட்டியைக் கழற்றி ஓட்டியபோது, பெட்டியோடு ஓடியதைவிட வண்டி நன்றாகவே இழுத்தது. ஆகவே இந்தக் கசிவுச் சோதனை, டீசல் ஃபில்டர், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலின் அளவு, டர்போவின் அசையும் இதழ்கள் கரி பிடித்து இறுகியிருக்கின்றனவா என்பது ஆகியவற்றைப் பார்த்து முடிக்காமல் எந்தப் புதிய பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் திறன் போதவில்லை என்றால், டீசல் எஞ்சினில் திறனைக் கூட்டுவது எளிது, அதனால் உண்டாகும் சூட்டைச் சமாளிப்பதே கடினம் என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும். 30 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றை டர்போ வெளிக்காற்றைப்போல் 2.2 மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும்போது, அதன் கம்ப்ரசர் 70 சதவீதத் திறமையோடு வேலை செய்தால்கூட அந்தக் காற்று 140 டிகிரிக்கு அருகில் சூடாகி வெளிவருகிறது. அதையே இன்டர்கூலர் 50 டிகிரிக்குக் குளிர்வித்தால், அதே அழுத்தத்தில் அதே கொள்ளளவுக்குள் ஏறத்தாழ 27 சதவீதம் அதிகக் காற்று அடங்கும். புகையில்லாமல் எரிவதற்குக் காற்று கூடுகிறது, வெளியேறும் வாயுவின் சூடும் தணிகிறது. அதனால்தான் பெரிய இன்டர்கூலரை நான் முதல் பாகமாகச் சொல்கிறேன். எஞ்சினின் மேல் உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலர், வண்டி மெதுவாக ஏறும்போது எஞ்சினின் சூட்டையே வாங்கிக்கொள்ளும். ரேடியேட்டருக்கு முன்னால் அமைவதே மேல். ஆனால் அளவு மீறிப் பெரிதாக வாங்கினால் ரேடியேட்டருக்குப் போகும் காற்று தடைபட்டுக் கூலண்ட் சூடேறும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதோடு சேர்த்து வெளியேறும் வாயுவின் வெப்பத்தைக் காட்டும் அளவி ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். அதன் உணர்முனை டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் சுமை ஏறும் நேரத்தில் நூறு டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டி ஏமாற்றும். துளையிடும்போது மேனிஃபோல்டைக் கழற்றி வைத்துக்கொண்டு துளையிடுங்கள், ஏனெனில் உள்ளே விழும் ஓர் இரும்புத் துணுக்கு டர்போவின் சக்கரத்தை உடைக்கப் போதும். நீண்ட ஏற்றத்தில் முள் 700 டிகிரியை நெருங்கினால் நான் கியரைக் குறைத்து ஆக்சிலரேட்டரைத் தளர்த்திவிடுவேன். தூய அலுமினியமே 660 டிகிரியில் உருகுவது என்பதும், பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது என்பதும் அந்த முள்ளைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும். எண்ணெய்த் தாரை பிஸ்டனின் அடியைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால்தான் அது தாக்குப்பிடிக்கிறது.

இனி நீங்கள் கேட்ட மூன்று பொருள்கள். திறந்த வகை ஏர் ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுப்பதால், டர்போ டீசலில் அதன் பலன் பெரும்பாலும் ஒலி மட்டுமே. எண்ணெய் தடவிய வகையாக இருந்தால் அந்த எண்ணெய் காற்றளவு உணரியில் படிந்து அளவுகளைக் கெடுக்கவும் கூடும். சைலன்சரை மட்டும் அகலமாக்குவதில் கிடைப்பது சொற்பம். டர்போவை ஒட்டிய முதல் குழாய் குறுகலாக இருந்தால் அதை மாற்றுவதில் பலன் உண்டு, ஆனால் புகைக்கரி வடிகட்டியையும், வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். அமைப்பையும் எடுத்துவிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். வாகனத் தகுதிச் சோதனையிலும் வண்டி தேறாது.

ட்யூனிங் பெட்டிகளில் விலை குறைந்தவை பொதுவாகச் செய்வது ஒரு தந்திரம்: இன்ஜெக்டர்களுக்கு டீசலைக் கொடுக்கும் பொதுக் குழாயான எரிபொருள் தண்டின் அழுத்தம் குறைவாக இருப்பதுபோல் எஞ்சினின் கணினிக்குப் பொய் சொல்லி, அதை உயர்த்த வைத்து, அதிக டீசலைச் செலுத்த வைக்கின்றன. கணினி தன் பாதுகாப்பு எல்லைகளை உண்மையான அளவை வைத்தே கணிக்கிறது, அதையே பொய்யாக்கினால் அந்த எல்லைகளுக்குப் பொருள் ஏது? ஆக்சிலரேட்டர் மிதியோடு இணைக்கும் பெட்டி இன்னும் வேடிக்கையானது. அரை மிதிப்பை முழு மிதிப்பாகக் கணினிக்குச் சொல்வதைத் தவிர அது எதையும் கூட்டுவதில்லை. எஞ்சினின் கணினிக் கோப்பையே வண்டிக்கேற்றபடி திருத்தும் ரீமேப்தான் சரியான வழி. அதைச் செய்பவர் உங்கள் பழைய கோப்பை நகலெடுத்து உங்களிடம் கொடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ரீமேப் செய்பவரிடம் மொத்தக் குதிரைத்திறனைப் பற்றிப் பேசாமல், எந்தச் சுழற்சி வேகத்தில் எவ்வளவு முறுக்குவிசை என்று பேசுங்கள். நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9549 ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 2000 சுழற்சியில் 400 நியூட்டன் மீட்டர் என்பது 84 கிலோவாட், அதை 500 ஆக்கினால் 105 கிலோவாட். கேட்க இனிமையாக இருந்தாலும் அந்த 500-ஐயும் கிளட்ச் தாங்கியாக வேண்டும், அதிலும் 1500 சுழற்சிக்குக் கீழே திடீரென்று ஏறும் முறுக்குவிசை பிஸ்டன்களைத் தாங்கும் கனெக்டிங் ராடுகளை வளைக்கக்கூடியது. தாழ்ந்த வேகத்தில் பழைய அளவையே வைத்துக்கொண்டு, 2000-க்கு மேல் படிப்படியாகக் கூட்டச் சொல்லுங்கள். மேல் கியரில் முழுதாக மிதிக்கும்போது வேகம் கூடாமல் சுழற்சி மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள், ரீமேப்புக்கு முன்பே அதை மாற்ற வேண்டியிருக்கும். தானியங்கி கியர்பாக்ஸாக இருந்தால் அதன் எண்ணெய்க்குத் தனிக் குளிர்விப்பான் வேண்டும்.

இன்டர்கூலரை நீங்களே பொருத்துவதாக இருந்தால், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பழைய குழாய்களின் உட்புறத்தில் படிந்திருக்கும் எண்ணெயை முழுதும் துடைத்தெடுங்கள். அந்த வழுக்கல் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஹோஸ் அழுத்தத்தில் கழன்றுவிடும். குழாய் முனையில் விளிம்பு மேடு இருக்கிறதா என்று பார்த்து, கிளாம்ப் அந்த மேட்டைத் தாண்டி, குழாய் முனையிலிருந்து விலகிய பக்கத்தில் அமையும்படி மாட்டுங்கள். இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாக் கிளாம்ப்புகளையும் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். நான் அதைச் சோம்பலால் தள்ளிப்போட்டு, பாதி ஏற்றத்தில் ஹோஸ் கழன்று நின்றிருக்கிறேன்.

எஞ்சின் திறன் கூடியதால் வண்டி இழுக்கலாம் என்று தயாரிப்பாளர் குறித்த எடை கூடிவிடாது, ஏனெனில் பிரேக்கும் சட்டமும் அச்சும் பழையவைதாம்.

உங்கள் டிஃபரன்ஷியல் விகிதம் என்ன என்று கேள்வியில் இல்லை. சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கித் தாங்கிகளின் மேல் உறுதியாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் டிஃபரன்ஷியலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரு சக்கரங்களையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் நான்கு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 3.73-ஐ ஒட்டியது, நான்கைக் கொஞ்சம் தாண்டினால் 4.10-ஐ ஒட்டியது. எண்ணிப் பார்த்து எழுதினால், எஞ்சினில் கைவைக்க வேண்டுமா என்பதையே அதிலிருந்து சொல்லிவிடலாம்.