மூன்று இலட்சத்து அறுபதாயிரத்தைக் காருக்குள் போடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். 2002ஆம் ஆண்டு கொரோலா 121, ஓட்டோ கியர். அம்மா, அப்பா யாழ்ப்பாணத்தில் இருப்பதால் மாதம் ஒருமுறை போய்வருவேன். நெடுந்தூர ஓட்டத்தில் லீற்றருக்கு 13 கிலோமீற்றர்தான் கிடைக்கிறது. தெரிந்த கராஜில், கியர்பொக்ஸை மனுவலாக மாற்றி, அடியில் தட்டையாக ஷீற் அடித்து, முன் கிரில்லைப் பாதி மூடி, காரின் உயரத்தைக் கொஞ்சம் பதித்து, பெற்றோல் மிச்சம் பிடிக்கும் கருவி ஒன்றும் பூட்டினால் 25 வீதம் கூடுதலாக ஓடும் என்கிறார்கள். செலவு 360,000 ரூபாய். அந்தக் காசு இப்போது நிலையான வைப்பில் இருக்கிறது. எடுக்கலாமா, ஐயா?

பதில்: எடுக்க வேண்டாம். ஏன் என்று கணக்கைப் போட்டே பார்ப்போம்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர ஏறக்குறைய 800 கிலோமீற்றர். வருடம் 9,600. லீற்றருக்கு 13 என்றால் 738 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 221,000 ரூபாய் சொச்சம். கராஜ்காரர் சொன்ன 25 வீதமும் அப்படியே கிடைத்து, 16 கிலோமீற்றருக்குச் சற்று மேலே ஓடினாலும் மிச்சம் 44,000 ரூபாய்தான். போட்ட காசு திரும்ப எட்டு வருடம்.

ஆனால் 25 கிடைக்காது. இந்த வேலைகள் எல்லாவற்றையும் கவனமாகச் செய்தால் 8 வீதம் கிடைக்கலாம். அதுவே நான் தாராளமாகச் சொல்வது. அப்போது மிச்சம் வருடம் 16,400 ரூபாய். போட்டதை எடுக்க 22 வருடம். காருக்கு அந்த நேரம் ஐம்பது வயது நெருங்கியிருக்கும்.

இப்போது மற்றப் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் வைப்புக்கு வருடம் 8 வீத வட்டி என்று வைப்போம். 28,800 ரூபாய். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், அது போக 25,920. அதாவது அந்தக் காசு வங்கியில் சும்மா படுத்திருந்தாலே, காருக்குள் போட்டால் வரும் மிச்சத்தை விடக் கூடுதலாகப் பெற்றோல் அடித்துத் தருகிறது. முதலும் கைவிட்டுப் போகவில்லை.

கராஜ் சொன்னதெல்லாம் பொய்யா என்றால், இல்லை. காற்றுத் தடையைக் குறைத்தால் நெடுஞ்சாலையில் பெற்றோல் குறையும் என்பது உண்மை. அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். கிரில்லை மூடுவதும் அதே காரணத்துக்காகத்தான், ஆனால் அது குளிர்நாட்டு வேலை. மத்தியான வெயிலில் ஏசியையும் போட்டுக்கொண்டு வவுனியா தாண்டும்போது ரேடியேற்றருக்குக் காற்று போதாவிட்டால், எஞ்சின் கொதித்து, அதன் தலையை அடைக்கும் ஹெட் கஸ்கெற் போய்விடும். ஒருமுறை அது போனால் பத்து வருட மிச்சமும் போச்சு. காரைப் பதிப்பதும் அப்படித்தான், அம்மா வீட்டு ஒழுங்கைக்குள் இறங்கும்போது அடியில் அடித்த ஷீற்றுத்தான் முதலில் கழன்று விழும்.

கியர்பொக்ஸ் மாற்றுவதில் எனக்கு வேறு கவலை. காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லாமல் இப்படியொரு மாற்றம் செய்தால், விபத்து நடந்த அன்றுதான் அதன் விலை தெரியும். விற்கும்போதும் அடி. 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய கார்களுக்கு நல்ல விலை ஏறியது. 121 வாங்க வருபவர் முதலில் கேட்பது “எல்லாம் ஒரிஜினலா?” என்றுதான்.

அப்புறம் அந்தக் கருவி. 2022இல் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போன நாட்களில், கியூவில் நின்ற களைப்பில் நானும் ஒன்று வாங்கினேன். பெற்றோல் குழாயில் கவ்விக்கொள்ளும் காந்தம். ஆயிரம் கிலோமீற்றர் ஓடினால்தான் வேலை செய்யும் என்றார் விற்றவர். கியூஆர் பங்கீட்டில் கிழமைக்கு 20 லீற்றர் கிடைத்த காலம், ஆயிரம் ஓட ஒன்றரை மாதம் போனது. கணக்குப் புத்தகத்தில் ஒரு இலக்கமும் அசையவில்லை. இப்போது தையல் மெஷினடியில் விழும் ஊசி பொறுக்க மனைவி அதை எடுத்துக்கொண்டார். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இப்படியான கருவிகள் நூற்றுக்கும் மேல் சோதித்துப் பார்த்தது. மிகச் சிலதான் ஏதோ சிறு முன்னேற்றம் காட்டின.

சரி, 13 கிலோமீற்றர் என்பது குறைவுதான். அந்தக் காருக்கு நெடுந்தூரத்தில் இன்னும் கொஞ்சம் வரவேண்டும். ஆகவே புதிதாகப் பூட்டுவதற்கு முன் பழையதில் என்ன கெட்டிருக்கிறது என்று பாருங்கள். இதற்கு 50,000 ரூபாய்க்கு மேல் ஒரு சதமும் ஒதுக்காதீர்கள்.

முதலில் கைச்செலவில்லாத ஒரு சோதனை. நல்ல ரோட்டில் அரை மணித்தியாலம் ஓடிவிட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓரமாக நிறுத்துங்கள். இறங்கி நான்கு சில்லுகளின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. மற்றச் சில்லுகளுக்கு அடை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹாண்ட்பிரேக்கை விட்டு, ஜக் அடித்து அந்தச் சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். தள்ளினதும் நின்றுவிட்டால் சந்தேகமே இல்லை. யாழ்ப்பாணம் வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே போயிருக்கிறீர்கள்! பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும் கலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யப் பெரிய காசு போகாது.

அடுத்தது கம்பியூட்டர் ஸ்கேன். புகையில் உள்ள ஒக்சிஜனை அளக்கும் ஒக்சிஜன் சென்சர் கெட்டால் எஞ்சின் தேவைக்கு மேல் பெற்றோலைக் குடிக்கும். இந்த வயதுக் கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். எஞ்சின் சூட்டை அளவாக வைத்திருக்கும் தேர்மோஸ்டற்றும் அப்படியே. சூடு பிடிக்காத எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும். எங்கள் வெயிலில் தேவையில்லை என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் கராஜ் பாஸ்மாரும் இருக்கிறார்கள், உங்கள் காரில் இருக்கிறதா என்று பாருங்கள். பாகங்களுக்குக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போவதானால் பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

டயர் காற்று பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் ஜப்பான் ஸ்டிக்கரில் 220 என்பது போல இருக்கும். அது கிலோபஸ்கல், ஏறத்தாழ 32 பிஎஸ்ஐ. அதைப் பார்த்து அடியுங்கள், காற்று அடிக்கும் பையன் கேட்கும்போது “எல்லாத்துக்கும் 28” என்று சொல்லாதீர்கள்.

வேகத்தையும் நீங்கள் எழுதவில்லை. யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதையில், ஊர்மனைகளுக்கு வெளியே காருக்கு எல்லை 70. இரவில் 90இல் போகிறவர் என்றால், காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 70க்கு இறங்கினாலே அந்தத் தடையில் 40 வீதம் குறையும். பெற்றோலில் 10, 15 வீதம் தெரியும். கராஜ்காரர் கேட்ட காசுக்கு மேல் வேலை, அதுவும் சும்மா. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க அரை மணித்தியாலம் பிந்திப் போவீர்கள், அவ்வளவுதான்.

தனியே போகிற மாதங்களில் ரயிலையும் யோசியுங்கள். ஒரு போய்வரவுக்குக் காருக்கு 18,000 ரூபாய்க்கு மேல் பெற்றோல் போகிறது. ரயில் டிக்கெற் அதில் ஒரு துண்டு.

விளைவை அளக்கப் பெற்றோல் மீற்றரை நம்பாதீர்கள். ஒரே பம்பில், முதல் தடவை தானாகக் கட்டாகும் வரை நிரப்பி, கிலோமீற்றரையும் லீற்றரையும் எழுதுங்கள். மூன்று பயணம் எழுதிய பிறகும் 13ஐத் தாண்டாவிட்டால் அந்தக் கணக்கோடு எனக்கு எழுதுங்கள், அப்போது எஞ்சின் கொம்ப்ரெஷன் பார்ப்பதா, காரையே மாற்றுவதா என்று பேசலாம்.

இன்னொன்று, கூரையில் கரியர் பூட்டியிருந்தால் வெறுமனே போகும்போது கழற்றி வையுங்கள். நட்டுகளை ஒரு போத்தலில் போட்டு மூடுங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் அம்மா பெட்டி பெட்டியாகத் தந்துவிடும்போது தேடித் திரியவேண்டியிருக்காது.